தட்டெறியும் பிள்ளைகளும் தயங்கும் பெற்றோரும்

பனி உருகிப் பூங்காக்களிற் புல் தலைகாட்டியதும் ரொறன்ரோ மாநகரின் திடல்கள் உயிர்பெற்றுவிடுகின்றன. கரப்பந்தாட்டம் ஒருபுறம், கிரிக்கெற் மறுபுறம், உதைபந்தாட்டம் இன்னொருபுறம் என எம்மவர் நன்கறிந்த ஆட்டங்களுக்கு இடையே, வெண்ணிறத் தட்டொன்றை எறிந்தும் ஏந்தியும் ஓடும் இளைஞர் கூட்டமொன்றையும் மாலைவேளைகளிற் காணலாம். ஆண்களும் பெண்களும் ஒரே நிறச் சட்டை அணிந்து, ஒரே அணியாக நின்று ஆடுவர். மத்தியஸ்தர் இல்லை, விசில் ஒலி இல்லை, ஆயினும் ஆட்டம் ஒழுங்காகவே நடக்கும். 'அல்ரிமேற் பிரிஸ்பி' என்பது இவ்வாட்டத்தின் பெயர்.

பாடசாலைகள் வாயிலாகத் தமிழ்ப் பிள்ளைகளும் இவ்வாட்டத்துக்கு வந்து சேர்கின்றனர். மகன் போய்ச் சேர்ந்தால் வீட்டில் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. சப்பாத்து வேண்டும் என்றால் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே அணியில் மகள் சேர விரும்பினால் மட்டும் வீடு நீதிமன்றமாகிவிடுகிறது. "பெடியளோடு சேர்ந்தோ விளையாடுறது?" என்று தாய் கேட்கிறார். "அப்ப படிப்பு?" என்று தகப்பன் கேட்கிறார். "நாலு சனம் என்ன சொல்லும்?" என்று அம்மம்மா கேட்கிறார். பாடசாலை அனுப்பிய அனுமதிப் பத்திரம் கையொப்பமின்றிச் சமையலறை மேசையிற் கிடந்து, நாள் கடந்து, குப்பைக்குப் போய்விடுகிறது.

இக்கேள்விகளைப் பழிப்பதற்கில்லை. பிள்ளையின் மேல் அக்கறையுள்ளவர்களே இவற்றைக் கேட்பார்கள். ஆயின், கேள்வி கேட்பவர் விடைக்கும் சற்றுக் காத்திருக்க வேண்டும் அல்லவா? ஆட்டம் இன்னதென்று அறியுமுன்னரே தீர்ப்புச் சொல்லிவிடுவது எவ்வழக்கிலும் நியாயமாகாது. ஆகவே இவ்வாட்டம் எத்தகையது, இதில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதன் முறை என்ன, நன்மை என்ன, குறை என்ன என்று ஆராய்தல் தகும்.

தட்டின் கதை

அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்போர்ட் நகரில் 'பிரிஸ்பி' என்ற குடும்பப் பெயருடைய பேக்கரி ஒன்று இருந்தது. அங்கு செய்த பலகாரம் வந்த தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர் வீசி விளையாடியதால் அப்பெயர் தட்டுக்கே நிலைத்தது என்பர். பிளாஸ்ரிக்கினால் ஆன பறக்கும் தட்டை பிரெட் மொறிசன் என்பவர் உருவாக்க, 1957ஆம் ஆண்டில் வாம்-ஓ நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை அது கடற்கரையிலும் புல்வெளியிலும் பொழுதுபோக்குக்கு வீசும் பண்டமாகவே இருந்தது.

அதனை அணியாட்டமாக மாற்றியவர்கள் பள்ளி மாணவர்களே. நியூ ஜேர்சி மாநிலத்தின் மேப்பிள்வூட் என்ற ஊரிலுள்ள கொலம்பியா உயர்தரப் பாடசாலையில் 1968ஆம் ஆண்டில் இவ்வாட்டம் பிறந்தது. அம்மாணவர்களுள் ஒருவரான ஜோயல் சில்வர் பிற்காலத்தில் ஹொலிவூட்டிற் புகழ்பெற்ற திரைப்படத் தயாரிப்பாளர் ஆனார். 1972 நவம்பர் 6ஆம் நாள் ரட்கேர்ஸ், பிரின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கிடையே முதலாவது போட்டி நடைபெற்றது. 29க்கு 27 என்ற கணக்கில் ரட்கேர்ஸ் வென்றது.

1985இல் உலகப் பறக்கும் தட்டுச் சம்மேளனம் தோன்றியது. ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஆட்டங்களுக்கெனவுள்ள உலக விளையாட்டு விழா 2001இல் ஜப்பானின் அக்கிற்றா நகரில் நடைபெற்றபோது இவ்வாட்டமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அங்கு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனப் பிரிக்காது, இருபாலாரும் சேர்ந்த அணிகளையே ஆடவிட்டனர். அதிற் தங்கப்பதக்கம் பெற்ற நாடு கனடா என்பது இந்நாட்டில் வாழும் தமிழர் பலர் அறியாத செய்தி. 2015இல் சர்வதேச ஒலிம்பிக் குழு சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் வழங்கியது. எனினும் ஒலிம்பிக் அரங்கில் இவ்வாட்டம் இன்னும் ஏறவில்லை.

தமிழருக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. சென்னையின் கடற்கரை மணலில் ஆணும் பெண்ணும் கலந்த அணிகள் பல ஆண்டுகளாக இதனை ஆடிவருகின்றன. அங்குள்ள அணியொன்றைப் பற்றிய '175 கிறாம்ஸ்' என்னும் குறும்படம் 2015இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் நிறுவனத்தின் குறும்படப் போட்டியிற் தெரிவாயிற்று. 175 கிறாம் என்பது தட்டின் எடை.

ஆட்டத்தின் முறை

திடலின் நீளம் 100 மீற்றர்; அகலம் 37 மீற்றர். இரு முனைகளிலும் 18 மீற்றர் ஆழமுள்ள எல்லைப் பகுதி உண்டு. அணிக்கு ஏழு பேர். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் நிற்கும் தம்மவர் ஒருவர் தட்டைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி. பொதுவாக 15 புள்ளிகளை முதலில் எட்டும் அணி வெல்லும்.

தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலால் மட்டும் திரும்பலாம். தடுப்பவர் பத்து வரை எண்ணி முடிக்குமுன் தட்டு கையை விட்டுப் போய்விட வேண்டும். தட்டு நிலத்தில் விழுந்தாலோ, எதிரணி பறித்தாலோ ஆட்டம் மறுபக்கம் திரும்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரை ஒருவர் இடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது, பிடித்திழுக்கக்கூடாது.

இருபாலாரும் சேர்ந்து ஆடுவதற்கு இவ்வாட்டம் ஏன் ஏற்றதென்பது இவ்விதிகளிலேயே தங்கியுள்ளது. தனியொருவர் தட்டோடு ஓடிப்போய்ப் புள்ளி எடுக்க வழியில்லை. எவ்வளவு பலசாலியாயினும் பத்து எண்ணுவதற்குள் இன்னொருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எறிதலின் திறமையோ தோளின் பலத்தில் மட்டும் இல்லை. மணிக்கட்டின் சுழற்றில், விரலின் பிடியில், காற்றின் திசையறியும் கண்ணில் இருக்கிறது. நன்கு சுழன்று செல்லும் தட்டு காற்றில் மிதக்கும்; வளைந்து சென்று தடுப்பவரைச் சுற்றிக்கொண்டு போகும். பயிற்சியுள்ள ஒரு பெண் பிள்ளை எறியும் தட்டு, பயிற்சியற்ற ஒரு பெரிய இளைஞன் எறியும் தட்டைவிட நேராகவும் தூரமாகவும் செல்வதைத் திடலுக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள்.

ஆயினும் வேகத்திலும் உயரத்திலும் பருவமடைந்த ஆண்களுக்கு மேலோங்கிய நிலை உண்டென்பதை மறைத்துப் பயனில்லை. விதிகள் அதனையும் கருத்திற் கொண்டே அமைந்துள்ளன. கலப்பு அணியில் ஏழு பேரில் நால்வர் ஒரு பாலார், மூவர் மறுபாலார். எவர் நால்வர், எவர் மூவர் என்பது ஆட்டத்தினூடே மாறிமாறி வரும். கட்டாயமில்லாவிட்டாலும், பெரும்பாலும் பெண்ணைப் பெண்ணே தடுப்பாள். ஆணை ஆணே தடுப்பான். ஆகவே ஒருவரோடொருவர் பொருதுவது ஒத்தவரோடுதான். ஒருவருக்கொருவர் துணைநிற்பதிலேயே இருபாலாரும் கலக்கின்றனர்.

இத்தகைய ஏற்பாடு புதியதுமன்று. ஒல்லாந்து நாட்டில் 1902ஆம் ஆண்டிலேயே 'கோர்ப்போல்' என்னும் பந்தாட்டம் ஆணும் பெண்ணும் ஒரே அணியிற் சேர்ந்து ஆடும் முறையில் வகுக்கப்பட்டுவிட்டது. பட்மின்ரனில் கலப்பு இரட்டையர் ஆட்டம் 1996 முதல் ஒலிம்பிக்கில் உண்டு. ரோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், இருபாலார் சேர்ந்து ஓடும் 4x400 மீற்றர் அஞ்சலோட்டமும் இருபாலார் சேர்ந்து நீந்தும் அஞ்சல் நீச்சலும் அறிமுகமாயின. பட்மின்ரன் கலப்பு இரட்டையரைக் குடும்பமாக அமர்ந்து தொலைக்காட்சியில் இரசிக்கும் வீடுகளில், இரட்டையர் எழுவரானதும் மட்டும் முகம் சுளிப்பானேன்?

மத்தியஸ்தர் இல்லாத ஆட்டம்

இவ்வாட்டத்தின் உயிர்நாடி இன்னொன்று. உலகக் கிண்ணப் போட்டியானாலும் தீர்ப்பை ஆடுவோரே சொல்ல வேண்டும். ஒருவர் தம்மை இடித்துவிட்டதாகக் கருதினால் அவரே உரக்கச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தலாம். எதிரே நின்றவர் ஒத்துக்கொண்டால் அதன்படி ஆட்டம் தொடரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் இருவரும் தத்தம் பக்கத்தை அமைதியாகச் சொல்ல வேண்டும். முடிவு காணாவிட்டால் தட்டு முன்பு எறிந்தவரிடமே திரும்பிச் செல்லும். கூச்சலுக்கும் கைகலப்புக்கும் இடமில்லை.

ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் ஒன்றாக வட்டமிட்டு நின்று பேசிக்கொள்ளும். பின்னர் எதிரணியின் நடத்தைக்குப் புள்ளியிடுவர். விதியறிவு, உடல் மோதலைத் தவிர்த்தல், நேர்மை, நல்ல மனப்பாங்கும் தன்னடக்கமும், பேசிக்கொள்ளும் முறை என ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளிகள். இருபதுக்குப் பத்து என்றால் நல்ல, வழமையான ஆட்டம் என்பது பொருள். நடத்தையிற் சிறந்த அணிக்குத் தனிப் பரிசு கொடுக்கும் வழக்கமும் உண்டு.

ஊரில் வளர்ந்த மூத்தோருக்கு இது விளங்காத செய்தியன்று. நிலவொளியில் ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் கிளித்தட்டு மறித்த நாட்களில் எந்த மத்தியஸ்தர் வந்து நின்றார்? 'பட்டது', 'படவில்லை' என்ற வழக்கைப் பிள்ளைகளே தீர்த்துக்கொண்டனர். அளாப்பி விளையாடுபவனை அடுத்த நாள் எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. 'அளாப்பி' என்ற அந்த ஒரு சொல்லே பெரிய தண்டனையாக இருந்தது. அந்தப் பழைய நீதிமன்றமே புதிய திடலிற் கூடுகிறது எனலாம். ஊரில் அது பெரும்பாலும் பெடியள் தனியாகவும் பெட்டையள் தனியாகவும் கூடியது. இங்கே இருபாலாரும் சேர்ந்து கூடுகிறார்கள்.

அந்த வேறுபாடே இங்கு கவனிக்கத்தக்கது. பதினைந்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி, தன்னைவிட ஓரடி உயர்ந்த இளைஞனை நிமிர்ந்து பார்த்து, "நீ என் கையைத் தட்டிவிட்டாய்" என்று தெளிவாகச் சொல்லப் பழகுகிறாள். அவனும் எரிந்து விழாது, அவள் சொல்வதைக் கேட்டு, "ஆம், தட்டிவிட்டேன்" என்று ஒத்துக்கொள்ளப் பழகுகிறான். மறுமுறை தவறு அவளுடையதாயின் அவளும் ஒத்துக்கொள்கிறாள். இப்பழக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்காது. எத்தனையோ வீடுகளில் பெண் பிள்ளை வாய்திறக்கப் பழக்கப்படவில்லை. ஆண் பிள்ளை காதுகொடுக்கப் பழக்கப்படவில்லை. நாளை அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும், பின்னர் தம் சொந்த இல்லற வாழ்விலும் இவ்விரு பழக்கமும் இன்றியமையாதவை. அவற்றைப் பட்டப்பகலில், பலர் பார்க்க, புல்தரையிற் கற்றுக்கொள்வது நல்லதா? முப்பது வயதில் முட்டிமோதிக் கற்றுக்கொள்வது நல்லதா?

எதிர்ப்புகளும் விடைகளும்

ஆணும் பெண்ணும் நெருங்கிப் பழக இடமாகிவிடும் என்பது முதலாவது எதிர்ப்பு. இந்நாட்டில் பிள்ளைகள் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரே வகுப்பறையில் அமர்ந்தே படிக்கின்றனர். திடலிலோ பயிற்றுநர் உண்டு, சக ஆட்டக்காரர் உண்டு, பார்வையாளர் உண்டு. ஒளிவு மறைவு அற்ற இடம் அது. கைத்தொலைபேசிக்குள் எவரோடு எவர் என்ன பேசுகிறார் என்பதை அறிய முடியாத காலத்தில், திறந்த வெளியில் ஓடியாடும் பிள்ளையை எண்ணிக் கலங்குவது பொருத்தமாகத் தோன்றவில்லை. பல கோயில்களிற் தேர்வடம் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டாக இருக்கும். வடம் இரண்டாயினும் இழுபடுவது ஒரே தேர். இரு பக்கமும் ஒத்திழுத்தால்தான் அது அசையும்.

உடை பற்றியது இரண்டாவது. அணியின் சட்டை பொதுவானது. அதற்கு உள்ளே நீண்ட கைச்சட்டையும், காலை மூடும் காற்சட்டையும் அணிந்து ஆடத் தடையில்லை. பிறருக்குக் காயம் விளைக்கக்கூடிய காப்பு, சங்கிலி, பெரிய தோடு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவே. உடையிற் பெற்றோருக்கும் மகளுக்கும் உடன்பாடு காண வழி இருக்கும்போது, உடையைக் காட்டி ஆட்டத்தையே மறுப்பது நியாயமன்று.

வெயிலில் நின்று கறுத்துப்போவாள் என்பது மூன்றாவது. இது உரக்கச் சொல்லப்படுவதில்லை. ஆனால் பல வீடுகளில் உள்ளூர ஓடும் எண்ணம் இதுவே. கலியாணச் சந்தையை மனதில் வைத்துப் பதினான்கு வயதுப் பிள்ளையை நிழலில் அடைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி. தொப்பியும் வெயில் தடுக்கும் களிம்பும் தண்ணீர்ப் போத்தலும் வேண்டும்; அவை மகனுக்கும் வேண்டும். தோலின் நிறத்துக்காக மகளை மட்டும் உள்ளே இருத்தும் வீட்டில், நிறவெறியை எதிர்த்து வெளியே பேசும் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

படிப்பும் பிற வகுப்புகளும் கெடும் என்பது நான்காவது. தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், வீணை, கணித ரியூஷன் என வார இறுதி நிரம்பியிருப்பது உண்மையே. ஆயின் பிள்ளைக்கு உடலும் உண்டு. கனடாவில் பெண்களின் விளையாட்டுக்காக உழைக்கும் தேசிய அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, விளையாட்டில் ஈடுபடும் பெண் பிள்ளைகளுள் மூவரில் ஒருவர் பதின்பருவத்தின் இறுதிக்குள் அதனைக் கைவிடுவதாகவும், ஆண் பிள்ளைகளில் அது பத்தில் ஒருவரே என்றும் கூறியது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. 'பெரியபிள்ளை ஆகிவிட்டாள், இனி ஓடித்திரியக் கூடாது' என்ற பழைய சொல்லையும் அதன்மேல் வைத்தால் தமிழ்ப் பெண் பிள்ளையின் நிலை என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாரத்தில் இரு மாலைகள் ஓடிவரும் பிள்ளை நன்றாக உறங்குவாள். நன்றாக உறங்குபவள் நன்றாகப் படிப்பாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கையின் வலைப்பந்தாட்ட அணியிற் கோபுரம் போல் நின்று, 2018இல் அவ்வணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, கடல்கடந்த தமிழர் வீடுகளிலும் மகிழ்ச்சி பொங்கியது. அவருடைய உயரத்தைப் பெருமையோடு பேசியவர்கள், தம் வீட்டில் உயரமாய் வளரும் பெண் பிள்ளையைக் குனிந்து நடக்கச் சொல்லாதிருந்தால் நன்று.

காயம் ஏற்படும் என்பது ஐந்தாவது. இதில் உண்மை உண்டு. திடீரென நின்று திரும்பும் ஆட்டங்களில் முழங்காலின் உள்ளேயுள்ள இணையம் அறுபடும் அபாயம் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல். ஆனால் ஆடுமுன் பதினைந்து, இருபது நிமிடம் முறையாக உடலைச் சூடாக்கி, குதித்து இறங்கும் முறையைப் பயின்றால் அவ்வபாயம் குறையும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. தலைக்காயம் பற்றி ஒன்ராறியோ மாகாணத்தில் 2018இல் 'ரோவன் சட்டம்' என்ற சட்டமே நிறைவேறியுள்ளது. தலையில் அடிபட்டதாக ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும். மருத்துவர் இணங்கிய பின்னரே மீண்டும் ஆடவிட வேண்டும். தலைக்காயம் பற்றிய விளக்கத்தைப் பிள்ளையும் பெற்றோரும் ஆண்டுதோறும் படித்து உறுதிசெய்யவும் அச்சட்டம் வகை செய்கிறது. அந்தப் பத்திரத்தைப் படிக்காமலே ஒப்பமிடும் பெற்றோர் இனியாவது படித்துவிட்டு ஒப்பமிடுவார்களாக.

உண்மையான குறை எது?

மேற்கூறிய எதிர்ப்புகளைவிடக் கவனிக்க வேண்டிய குறை ஒன்று கலப்பு அணிகளில் உண்டு. அதனைப் பெற்றோர் பலர் அறியார். ஆடும் பெண் பிள்ளைகள் நன்கறிவர். அணியில் மூன்று பெண்கள் நின்றாலும், நெருக்கடி வந்ததும் இளைஞர் தமக்குள்ளேயே தட்டை எறிந்துகொள்வர். பெண் பிள்ளை தடுப்பவரை முந்திக்கொண்டு ஓடி, கையை உயர்த்தி, தனியே நிற்பாள். தட்டோ அவள் தலைக்கு மேலாக இன்னோர் இளைஞனைத் தேடிப் போகும். அவள் பிடிக்க வேண்டிய தட்டை அவளுடைய அணியினனே குறுக்கே பாய்ந்து பறிப்பதும் உண்டு. ஒரு மாலை முழுதும் ஓடியும் தட்டை இரண்டு முறை மட்டுமே தொட்ட பிள்ளை அடுத்த பருவத்துக்கு வரமாட்டாள். அவளைத் திடலிலிருந்து விரட்டியவர் பெற்றோர் அல்லர், அவளுடைய தோழர்களே.

இது அநீதி மட்டுமன்று, மதியீனமும் ஆகும். பெண்களுக்குத் தட்டு வராது என்பதை எதிரணி கண்டுகொண்டால், அவர்களைத் தடுக்க நின்றவர்களும் அவர்களை விட்டுவிட்டு இளைஞரைச் சூழ்ந்துகொள்வர். எழுவர் அணி நால்வர் அணியாகிவிடும். சிறந்த கலப்பு அணிகள் இதனை உணர்ந்தே, பயிற்சியின்போது பெண்களின் கையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கப் பழகுகின்றன. எறிபவராகவும் வழிநடத்துபவராகவும் பெண்களை நிறுத்துகின்றன.

இக்குறையைச் சுட்டிக்காட்டும் கடமை பெண்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிப் பின்னர் கனடாவிலும் நடந்துவரும் தொழில்முறைத் தொடரில் ஆடுவோர் ஏறக்குறைய முழுவதும் ஆண்களே. ரொறன்ரோ அணி 2013இல் ஓர் ஆட்டத்திலும் தோலாது அத்தொடரை வென்றது. அப்படிப்பட்ட தொடரில், பெண்களுக்குச் சம வாய்ப்பில்லை என்று கூறி, 2018ஆம் ஆண்டுப் பருவத்தில் பல முன்னணி ஆண் ஆட்டக்காரர் பங்குபற்ற மறுத்தனர். தமக்குக் கிடைக்கவிருந்த பெயரையும் மேடையையும் விட்டு விலகி நின்றவர்கள் அவர்கள். மகனைப் பெற்றவர்கள் அவனுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

ஆகவே, மகள் ஆடலாமா என்ற கேள்வியோடு நின்றுவிடாது, மகன் எப்படி ஆடுகிறான் என்ற கேள்வியையும் வீட்டிற் கேட்க வேண்டும். "இன்றைக்கு வென்றீர்களா?" என்று கேட்கும் தகப்பன், "உன் அணியில் நின்ற பெண் பிள்ளைகளுக்கு எத்தனை முறை தட்டை எறிந்தாய்?" என்றும் கேட்கட்டும். முதற் கேள்விக்கு அவன் மறுமொழி சொல்வான். இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சொல்லுமுன் சற்று யோசிப்பான். அந்த யோசனையே பெரும் பயன்.

கலப்பு அணியே எல்லாருக்கும் ஏற்றதென்றும் சொல்வதற்கில்லை. பெண்கள் மட்டும் ஆடும் அணிகளும் உண்டு. அங்கே எறிவதும் வழிநடத்துவதும் முழுவதும் பெண்கள் கையிலேயே இருப்பதால், சில பிள்ளைகள் அங்குதான் மலர்வார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைக் கலப்பு அணிக்குள் வற்புறுத்தித் தள்ளுவதும் தவறே. எந்த அணி என்பதைப் பிள்ளை தெரிவுசெய்யட்டும். 'பெடியள் இருக்கிறார்கள்' என்ற ஒரே காரணத்துக்காக அவள் தெரிந்தெடுத்ததை மறுக்காதிருப்பதே இங்கு வேண்டப்படுவது.

பெற்றோர் செய்யத்தக்கவை

அனுமதி கொடுப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்பதன்று. கேட்க வேண்டியவற்றைக் கேட்டே ஆக வேண்டும். பயிற்றுநர் யார்? அவர் பொலிஸ் பின்னணிச் சான்று பெற்றவரா? பொறுப்பாளர்களுள் பெண் ஒருவரேனும் உண்டா? முதலுதவி தெரிந்தவர் திடலில் இருப்பாரா? வெளியூர்ப் போட்டிக்குச் சென்று தங்க நேர்ந்தால் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அறை ஒழுங்கு எப்படி? வாகனம் ஓட்டுபவர் யார்? இக்கேள்விகளுக்கு நேரான விடை தராத அணிக்குப் பிள்ளையை அனுப்பத் தேவையில்லை. ஆனால் இதே கேள்விகளை மகனுக்காகவும் கேட்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று எண்ணி விட்டுவிடுவதும் அசட்டையே.

ஒருமுறையாவது திடலுக்குச் சென்று, மடக்குக் கதிரையை விரித்துப்போட்டு, ஓர் ஆட்டத்தை முழுவதும் பார்க்கலாம். பார்த்த பின் எழும் கேள்விகள் பார்க்குமுன் எழுந்தவற்றினும் பயனுள்ளவையாக இருக்கும். வெளியூர்ப் போட்டிக்கு இரண்டு தாய்மார் துணையாகச் சென்றால் அச்சம் பாதி தீர்ந்துவிடும். தமிழ் வகுப்பும் போட்டியும் ஒரே நாளில் வந்தால், பருவத் தொடக்கத்திலேயே அட்டவணையைப் பெற்று ஆசிரியரோடு பேசிக்கொள்ளலாம். ஒன்றுக்காக மற்றொன்றை முற்றாகக் கைவிடச் சொன்னால், பிள்ளை கைவிடுவது பெரும்பாலும் தமிழாகவே இருக்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

இவ்வாட்டம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதுமன்று. ரொறன்ரோ, ஒட்டாவா போன்ற நகரங்களில் வேலை முடித்து வரும் பெரியவர்களுக்கெனக் கலப்பு அணிகள் உண்டு. புதிதாகத் தொடங்குவோருக்கும், நடுவயது கடந்தோருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. தட்டொன்றும் சப்பாத்தொன்றும் போதும். இதய நோயும் நீரிழிவும் தமிழர் வீடுகளில் விருந்தாளிபோல் வந்து வீட்டுக்காரராகிவிடும் இந்நாளில், கணவனும் மனைவியும் வாரம் ஒருமுறை ஒரே அணியில் ஓடினால் மருந்துக் கடைக்காரரைத் தவிர எவருக்கும் நட்டமில்லை.

பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்து, வைத்தியராக்கி, பொறியியலாளராக்கி, சட்டத்தரணியாக்கிப் பார்த்தது இச்சமூகம். அந்தப் படிப்புக்காக எத்தனை தாய்மார் இரட்டை வேலை செய்தனர், எத்தனை தகப்பன்மார் இரவுக் காவலுக்குச் சென்றனர் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வளவு பாடுபட்டுப் படிக்கவைத்த மகள், ஆண்கள் நிறைந்த ஓர் அறையில் தனக்கு இழைக்கப்பட்ட தவறை எடுத்துச் சொல்லத் தெரியாது நின்றால் அப்படிப்பின் பயன் குறைந்துபோகும். அவளோடு வேலை செய்யும் மகன், அவள் சொல்வதைக் கேட்கத் தெரியாது நின்றால் அவன் படிப்பின் பயனும் அவ்வாறே. இரண்டையும் ஒரே புல்தரையில், ஒரே கோடையில், 175 கிறாம் எடையுள்ள ஒரு தட்டு கற்றுக்கொடுக்குமானால் அதனை வரவேற்பதே அறிவுடைமை. மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்றில்லாது இருவருக்கும் ஒரே நீதியை வைத்துப் பெற்றோர் முடிவெடுப்பார்களாக.